அச்சமும் பெருமிதமும்: அமெரிக்கப் படக்கதைகளை மதிப்பிடும் முறை

நூல்களை ஆராய்ந்து குணமும் குற்றமும் காண்டல் கற்றோர்க்குரிய தொழில்களுள் ஒன்றாகும். காப்பியத்தையும் நாடகத்தையும் நாவலையும் அங்ஙனம் ஆராய்வார் பலராயினும், படக்கதை என வழங்கும் சிறு சஞ்சிகைகளை அந்நெறியில் வைத்து நோக்குவார் மிகச் சிலரே. இவை சிறுவர்தம் விளையாட்டுப் பொருள்களென்று புறக்கணிப்பார் ஒரு சாரார். வெளிவந்தவை அனைத்தையும் வியந்து போற்றுவார் மற்றொரு சாரார். இவ்விரு திறத்தாரும் ஒன்றில் உடன்பாடுடையர். நூலைப் பொறுமையுடன் படித்து எடையிட்டுப் பார்த்தல் இருவர்க்கும் வழக்கமன்று.

அமெரிக்க நாட்டில் வாரந்தோறும் புதிய படக்கதைச் சஞ்சிகைகள் பல கடைகளுக்கு வருகின்றன. அவற்றுள் அதிமானுட வீரரைப் பற்றியனவும், பேயும் பிணமும் தோன்றும் பயங்கரக் கதைகளும் முற்பட்டு நிற்பன. இவற்றைப் படிக்கும் இளைஞர்க்கு நன்மை விளையுமோ தீமை விளையுமோ என்னும் வினா அந்நாட்டில் ஒரு காலத்தில் செனட் சபை வரையிற் சென்றது. அவ்வழக்கு நடந்த வரலாற்றையும், அதனால் அறியக்கிடக்கும் உண்மைகளையும், புதிய சஞ்சிகை ஒன்றை மதிப்பிடுவோன் கைக்கொள்ளத்தக்க அளவைகளையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

1. இருவகைக் கதைகளின் தோற்றம்

ஒஹாயோ மாகாணத்துக் கிளீவ்லாண்டு நகரில் வாழ்ந்த ஜெர்ரி ஸீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இளைஞர் இருவர் ஆக்கிய சூப்பர்மேன் என்னும் வீரன், 1938-ம் ஆண்டில் ஆக்ஷன் காமிக்ஸ் என்னும் சஞ்சிகையின் முதல் இதழில் தோன்றினான். அவ்விதழின் விலை பத்து ஸென்டு. முதற் கதையில் அவன் எதிர்த்த பகைவர் வேற்றுலகத்து அரக்கரல்லர். குற்றமற்ற பெண்ணொருத்தி கொலைத் தண்டம் பெறாவண்ணம் காக்கின்றான். மனைவியை அடிக்கும் கணவனை அடக்குகின்றான். கைக்கூலியால் அரசியலைக் கெடுப்பாரை வெருட்டுகின்றான். வேலையின்றியும் பொருளின்றியும் மக்கள் வாடிய காலத்தில், எளியோர்க்காக எழுந்த ஒரு வலியவனை மக்கள் விரும்பியதில் வியப்பில்லை. மறு ஆண்டில், அதாவது 1939-ல், பாப் கேன், பில் ஃபிங்கர் என்பார் ஆக்கிய பேட்மேன் தோன்றினான். 1941-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தைத் தாங்கிய முதல் இதழின் மேலட்டையில், காப்டன் அமெரிக்கா என்னும் வீரன் ஹிட்லரின் முகத்தில் குத்துவதாகச் சித்திரித்திருந்தனர் ஜோ ஸைமன், ஜாக் கிர்பி என்பார். அமெரிக்கா போரிற் புகுந்தது அவ்வாண்டு டிஸம்பரிலேயாம் என்பதைக் கருதின், படக்கதையாளர் அரசினர்க்கு முந்திக்கொண்டனர் என்பது விளங்கும்.

போர் முடிந்தபின் வீரர் கதைகளுக்கு மதிப்புக் குறைந்தது. குற்றக் கதைகளும் பயங்கரக் கதைகளும் அவ்விடத்தைப் பற்றின. அவற்றுட் பேர்பெற்றவை ஈ.ஸி. என்னும் நிலையத்தின் வெளியீடுகளாம். அந்நிலையத்தை ஏற்படுத்திய மாக்ஸ் கெயின்ஸ் என்பார் விவிலிய வரலாறுகளைப் படக்கதையாக வெளியிட்டவர். 1947-ல் அவர் படகு விபத்தில் இறக்க, மகன் வில்லியம் கெயின்ஸ் பொறுப்பேற்றார். கல்வி என்னும் சொல்லைத் தாங்கியிருந்த நிலையத்தின் பெயர் களிப்பு என்னும் பொருள்படும் சொல்லுக்கு இடங்கொடுத்தது. 1950-ம் ஆண்டில் கெயின்ஸும், பத்திராதிபரும் கதாசிரியருமாகிய ஆல் ஃபெல்ட்ஸ்டீனும், டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட், தி வால்ட் ஆஃப் ஹாரர், தி ஹான்ட் ஆஃப் ஃபியர் என்னும் மூன்று பயங்கரச் சஞ்சிகைகளைத் தொடங்கினர்.

2. வழக்கும் விதித்தொகுதியும்

இவற்றைக் கண்டு வெகுண்டவர்களுள் தலைவர் ஃபிரெட்ரிக் வெர்தம் என்னும் மனநோய் மருத்துவர். அவரை அறிவிலியென்றேனும் வன்னெஞ்சரென்றேனும் இகழ்தல் தகாது. நியூயார்க்கு நகரத்துக் கருநிற மக்கள் மிகுதியாக வாழும் ஹார்லெம் பகுதியில், தேவாலயம் ஒன்றைச் சேர்ந்த கட்டடத்தின் நிலவறையில், 1946-ம் ஆண்டில் ஏழைகளுக்கென மருத்துவ நிலையம் நிறுவியவர் அவர். நிறம்பற்றிப் பள்ளிகளைப் பிரித்து வைத்தல் சிறுவர் மனத்துக்கு ஊறு செய்யும் என்று டெலவேர் மாகாணத்து வழக்கில் அவர் அளித்த சான்று, 1954-ல் அத்தகைய பிரிவினையை விலக்கிய பெருந்தீர்ப்புக்குத் துணைநின்றவற்றுள் ஒன்று. அவரே அவ்வாண்டில் ஸிடக்ஷன் ஆஃப் தி இன்னொஸென்ட் என்னும் நூலை வெளியிட்டு, இளைஞர் செய்யும் குற்றங்களுக்குப் படக்கதைகள் பெருங்காரணமாகின்றன என வாதித்தார்.

அவ்வாண்டு ஏப்ரல் 21-ந் தேதி செனட் சபையின் உட்குழு நியூயார்க்கில் விசாரணை தொடங்கிற்று. வெர்தம் சான்று கூறிய அந்நாளிலேயே கெயின்ஸும் தாமாக முன்வந்து சான்று கூறினார். வெட்டுண்ட பெண்தலையையும் கோடரியையும் ஒருவன் கைகளில் ஏந்தி நிற்பதாகத் தீட்டிய மேலட்டை ஒன்றைக் காட்டி, இது நயமுடையதோ என்று செனட்டர் கீஃபாவர் வினவ, பயங்கரச் சஞ்சிகையின் மேலட்டை என்னும் அளவில் நயமுடையதே என்று கெயின்ஸ் விடையிறுத்தார். அவ்விடை மறுநாள் பத்திரிகைகளிற் பரவி அவர் கட்சியை வலியிழக்கச் செய்தது.

அரசினர் சட்டம் இயற்றுமுன் தாமே அடங்குதல் நலமெனக் கருதிய பிரசுரகர்த்தர்கள், 1954-ம் ஆண்டு இறுதிப் பகுதியில் ஒரு சங்கம் கூட்டி விதித்தொகுதி ஒன்றை ஏற்றுக்கொண்டனர். சஞ்சிகைப் பெயரில் பயங்கரத்தைக் குறிக்கும் சொற்கள் வரலாகா. குருதியுறிஞ்சும் பேயும், ஓநாயாக மாறும் மனிதனும், நடமாடும் பிணமும் தோன்றலாகா. நீதிபதியையும் காவலரையும் மதிப்புக்குறையக் காட்டலாகா. எக்கதையிலும் நன்மையே வெல்லவேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. முத்திரை பெறாத சஞ்சிகைகளை விற்போர் ஏற்க மறுத்தனர். ஈ.ஸி.யின் பயங்கரச் சஞ்சிகைகள் நின்றுபோயின.

இனி, இவ்வழக்கின் இரு பக்கத்தும் உள்ள குறையை நடுநின்று நோக்குவோம். வெர்தத்தின் கையெழுத்துக் குறிப்புகள் 2010-ம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் யாவர்க்கும் திறக்கப்பட்டன. அவற்றை நூலோடு ஒப்பிட்டு ஆராய்ந்த காரல் டில்லி என்னும் பேராசிரியை, சிறுவரின் வயதும் சொல்லும் மாற்றப்பட்டிருத்தலையும், பலர் வரலாறு ஒருவர் வரலாறாகப் பிணைக்கப்பட்டிருத்தலையும் 2012-ல் எடுத்துக்காட்டினார். நோக்கம் நல்லதாயினும் அது பொய்ச்சான்றை மெய்யாக்கமாட்டாது. மற்றொரு பக்கம், ஈ.ஸி.யின் கதைகள் யாவும் பழுதற்றவை என்பாரும் உண்மை கூறுவாரல்லர். 1953-ல் வெளிவந்த 'ஃபௌல் பிளே' என்னும் கதையில், நஞ்சினால் எதிரியைக் கொன்ற பந்தாட்டக்காரன் ஒருவனை இறந்தவனுடைய தோழர்கள் கொன்று, அவன் உடலுறுப்புகளையே பந்தும் மட்டையும் எல்லைக்கோடுமாக அமைத்து நள்ளிரவில் ஆடுகின்றனர். குற்றத்திற்குத் தண்டம் என்னும் நீதி அங்கே சாக்காக நிற்கின்றதேயன்றிக் கதையின் உயிராக நிற்கவில்லை.

3. மறைக்க முற்பட்ட முகம்

இவ்வழக்கின் உட்பொருளை உள்ளவாறு காட்டுவது, 1953-ல் முதலில் வெளிவந்த 'ஜட்ஜ்மென்ட் டே' என்னும் சிறு கதையாகும். எழுதியவர் ஃபெல்ட்ஸ்டீன், தீட்டியவர் ஜோ ஆர்லண்டோ. இயந்திர மாந்தர் வாழும் கிரகம் ஒன்று அண்டக் குடியரசிற் சேரத் தகுதியுடையதோ எனக் காணப் பூமியினின்று தூதன் ஒருவன் செல்கின்றான். அங்கே ஆரஞ்சு நிறத்தாரும் நீல நிறத்தாருமாக இருவகையினர் உளர். உள்ளுறுப்பெல்லாம் ஒன்றே, புறத்தகட்டின் நிறம் ஒன்றே வேறு. அங்ஙனமாகவும் நீல நிறத்தார் ஊரின் ஒதுக்கிடத்தில் வாழ்கின்றனர். வண்டியில் பின்புறத்தே அமர்கின்றனர். தகுதி இன்னும் வரவில்லை எனக் கூறித் தூதன் மீளுகின்றான். தன் விண்கலத்துள் தலைக்கவசத்தைக் கழற்றும்போது, கடைசிக் கட்டத்திலே அவன் முகம் முதன்முறையாகப் புலனாகின்றது. அவன் கருநிறத்தவன்.

விதித்தொகுதி வந்தபின், மற்றொரு கதை தள்ளப்பட்டமையால் கெயின்ஸ் இக்கதையை மீண்டும் அச்சிட முயன்றார். தணிக்கைத் தலைவராகிய சார்ல்ஸ் மர்ஃபி, அத்தூதன் கருநிறத்தவனாயிருத்தல் ஆகாது என்றார். அம்முகத்தை மாற்றின் கதைக்குப் பொருளே இல்லையாகும். கெயின்ஸும் ஃபெல்ட்ஸ்டீனும் இணங்காது, மாற்றமின்றியே 1956-ம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்டனர். ஈ.ஸி. வெளியிட்ட கடைசிப் படக்கதைச் சஞ்சிகை அதுவே.

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். நிறவேற்றுமையால் சிறுவர் நெஞ்சு புண்படும் என்று நீதிமன்றத்திற்குச் சான்றளித்தவர் வெர்தம். அதே உண்மையைப் பத்து ஸென்டு விலையுள்ள சஞ்சிகையில் சிறுவர்க்கு விளங்கக் கூறியவர்கள் அவர் வெறுத்த படக்கதையாளர். ஒரே அறத்தின் பொருட்டு நின்ற இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவில்லை. இளைஞரைக் காக்க எழுந்த விதித்தொகுதியோ, பேயை ஓட்டப் புகுந்து, ஒரு மனிதன் முகத்தை மறைக்க முற்பட்டது. ஒவ்வொரு நூலையும் தனித்தனியே படித்துத் தீர்ப்புரையாமல், ஓரினம் முழுவதையும் ஒரு விதியால் அளப்பதன் பயன் இதுவேயாம். மதிப்புரை எழுதுவோனது பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதும் இதனாற் புலப்படும்.

4. மதிப்பிடுதற்குரிய அளவைகள்

தமிழ்நூலார் கூறும் மெய்ப்பாடு எட்டனுள் பெருமிதமும் அச்சமும் உளவாதலை யாவரும் அறிவர். வீரர் கதை பெருமிதத்தை விளைப்பது. பயங்கரக் கதை அச்சத்தை விளைப்பது. அவை தம்மளவில் இழிந்தனவல்ல. எதன்பொருட்டு எழுப்பப்படுகின்றன என்பதே நோக்கத்தக்கது. இக்கருத்தை உளத்திற்கொண்டு நான்கு அளவைகளைக் கூறுவோம்.

முதலாவது, படமும் சொல்லும் ஒன்றையொன்று தாங்குதல். படத்திற் கண்டதையே சொல்லும் திரும்பக் கூறுமாயின் இரண்டில் ஒன்று வீண். 1955-ல் வெளிவந்த 'மாஸ்டர் ரேஸ்' என்னும் கதையை நோக்குக. பெர்னார்டு கிரிக்ஸ்டீன் என்னும் ஓவியர், ஆறு பக்கத்துக்கு அமைந்த கதையை எட்டுப் பக்கமாக விரித்துத் தீட்டினார். நாஜிச் சிறைமுகாமுக்குத் தலைவனாயிருந்து தப்பிவந்த ஒருவன், நியூயார்க்கின் சுரங்க ரயிலில் கரிய உடை தரித்த ஒருவனைக் கண்டு நடுங்கி ஓடி, ரயிலின் முன் விழுந்து மடிகின்றான். விழும் அக்கணத்தையும் ஓடும் ரயிலையும் ஓவியர் மெல்லிய கட்டங்கள் பலவாகப் பிரித்துக் காட்டுகின்றார். காலம் நீளுகின்றது, குருதி ஒரு துளியும் காட்டாமலே நெஞ்சு பதைக்கின்றது. இத்திறம் எழுத்துக்கும் தனி ஓவியத்துக்கும் எய்தாதது, படக்கதைக்கே உரியது.

இரண்டாவது, வல்லமைக்கு வரம்பு. 1938-ம் ஆண்டுச் சூப்பர்மேன் பறப்பவனல்லன். ஒரு மைலில் எட்டிலொரு பங்கு தூரம் தாவுபவன். எல்லாம் செய்யவல்ல வீரனுக்கு இடர் இல்லை. இடர் இல்லாதவிடத்துப் பெருமிதமும் இல்லை. 1962-ல் ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ என்பார் ஆக்கிய ஸ்பைடர்மேன் கதையில், பிடிக்கக்கூடிய கள்வனைத் தனக்கென்ன என்று விட்டுவிட்ட இளைஞன், அக்கள்வன் கையாலேயே தன்னை வளர்த்த சிற்றப்பனை இழக்கின்றான். உடல்வலிக்கு மனச்சான்று வரம்பாகின்றது. புதிய வீரர் கதையைக் கையிலெடுப்போன், இவ்வீரனால் இயலாதது யாது என்று முதலில் வினவுக. விடை கிடையாதாயின் கதை நில்லாது.

மூன்றாவது, அச்சத்தின் பயன். அருவருப்பை எழுப்புதல் எளிது. அச்சத்தை எழுப்புதல் அரிது. அருவருப்பு பக்கத்தைத் திருப்பியவுடன் ஒழியும். உண்மையான அச்சம் சிந்தனையாக மாறி உள்ளத்தே தங்கும். 1984-ல் ஆலன் மூர் எழுத, ஸ்டீவன் பிஸெட், ஜான் டோட்டில்பென் என்பார் தீட்டிய ஸ்வாம்ப் திங் கதையில் இதனைக் காணலாம். விபத்தினால் செடியுருப் பெற்ற மனிதன் எனத் தன்னை நினைந்து, மீண்டும் மனிதனாகும் நாளை எதிர்நோக்கியிருந்த ஓருயிர், தான் ஒருபோதும் மனிதனாயிருந்ததில்லை, இறந்த மனிதனின் நினைவைப் பெற்ற செடியே தான் என்று அறிகின்றது. அச்சம் பிணத்தாலன்று; நான் யார் என்னும் வினாவால் விளைகின்றது. அத்தொடரின் 29-ம் இதழ் முத்திரை மறுக்கப்பட்டு, முத்திரையின்றியே வெளிவந்தது.

நான்காவது, ஆக்கியோர்க்கு உரிய மதிப்பைக் கொடுத்தல். இது நூலின் குணமன்றாயினும் மதிப்புரையாளனின் கடமையாகும். ஸீகலும் ஷூஸ்டரும் சூப்பர்மேனின் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு விற்றனர். பிறர் அவ்வீரனாற் பெருஞ்செல்வம் ஈட்ட, அவர்கள் முதுமையில் வறுமையுற்றனர். 1975-ம் ஆண்டிலேதான் அவர்களுக்கு ஆண்டூதியமும், நூலில் பெயர் பொறிக்கப்படும் உரிமையும் கிடைத்தன. பில் ஃபிங்கர் 1974-ல் இறந்தார். பேட்மேனை ஆக்கியோருள் ஒருவராக அவர் பெயர் முறைப்படி பொறிக்கப்பட்டது 2015-லேயாம். வீரன் பெயரை மட்டும் கூறி, எழுதினார் தீட்டினார் பெயர்களை விடுத்து மதிப்புரை வரைதல், இவ்வநீதிக்கு நாமும் துணைபோதலை ஒக்கும்.

5. புதியனவற்றை நோக்குதல்

விதித்தொகுதி 1971-ல் சிறிது தளர்ந்தது; 2001-ல் மார்வெல் நிலையம் அதனைக் கைவிட்டது; 2011-ல் டி.ஸி., ஆர்ச்சி என்னும் நிலையங்களும் விலகவே அது முற்றும் ஒழிந்தது. ஆதலின் இக்காலத்து முத்திரையிட்டுத் தருவார் இலர். படிப்போனும் மதிப்புரையாளனுமே தேர்ந்துகொள்ள வேண்டியவர்.

2018 முதல் 2021 வரை ஐம்பது இதழ்களாக வெளிவந்த இம்மார்ட்டல் ஹல்க் என்னும் தொடர், வீரத்தையும் அச்சத்தையும் ஒருங்கே சேர்த்தது. எழுதியவர் ஆல் யூயிங். பெரும்பகுதி தீட்டியவர் ஜோ பென்னெட். பகலில் மாண்ட மனிதன் இரவில் ஹல்க் என்னும் பேருருவாய் எழுகின்றான். இது புதுமைபோல் தோன்றினும், 1962-ல் வந்த முதற் கதையிலேயே அம்மாற்றம் இரவில் நிகழ்வதாக இருந்தது. மறந்த வித்தைத் தோண்டியெடுத்து வளர்த்தமையே இதன் சிறப்பு. 2024-ல் ஸ்காட் ஸ்னைடர் எழுத, நிக் டிராகோட்டா தீட்டத் தொடங்கிய அப்ஸொல்யூட் பேட்மேன், பழைய கதையின் அடிப்படையையே மாற்றுகின்றது. பழைய பேட்மேன் பெருஞ்செல்வன் மகன். தாய்தந்தையர் இருவரையும் இழந்தவன். இவனோ பள்ளியாசிரியர் ஒருவரின் மகன், செல்வமில்லாதவன், தாய் உயிரோடிருக்கின்றாள். பொருளின் வலியை நீக்கினால் அவ்வீரனிடம் எஞ்சுவது யாது என்னும் வினாவே இதன் கரு. அவ்வாண்டிலேயே ஓனி என்னும் பிரசுராலயம் ஈ.ஸி.யின் பெயரை மீட்டு, எபிடாஃப்ஸ் ஃப்ரம் தி அபிஸ் முதலிய பயங்கரச் சஞ்சிகைகளைத் தொடங்கிற்று. எழுபது ஆண்டுகட்குமுன் மன்றிலேற்றப்பட்ட பெயர் மீண்டும் கடைக்கு வந்தமை காலத்தின் மாறுதலைக் காட்டும்.

இத்தகைய புதிய வெளியீடுகளை நோக்குங்கால் ஓர் எச்சரிக்கை வேண்டும். தொடரின் முதலிதழ் வீட்டின் வாயிற்படி போல்வது. படியிலிருந்தே அறைகளுக்கெல்லாம் தீர்ப்புக் கூறலாகாது. இதுவரையில் கண்டது இது, இனிக் காணவேண்டுவது இது எனப் பிரித்துரைப்பதே நேர்மை. புதிய கதையின் முடிவை வெளியிட்டு, பின்னர்ப் படிப்பார் இன்பத்தைக் கெடாதிருத்தலும் பண்பாகும். மேலும், சிறுவர்க்கென்று எழுதப்பட்டதும் முதிர்ந்தோர்க்கென்று எழுதப்பட்டதும் வெவ்வேறு என்பதை வெளிப்படையாகக் கூறுக. வெர்தத்தின் கவலை முழுவதும் பொய்யன்று. தடையினால் தீராத அக்கவலை தக்க மதிப்புரையினால் ஒருவாறு தீரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், படக்கதை இகழத்தக்கதும் அன்று, ஆராயாது புகழத்தக்கதும் அன்று என்பது பெறப்படும். ஒரே நிலையத்தினின்று, ஏறத்தாழ ஒரே காலத்தில், உடலுறுப்பைப் பந்தாக்கிய கதையும் வந்தது. மனிதர் யாவரும் ஒருநிகர் என்று உணர்த்திய கதையும் வந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தீயிலிட்டாரும், ஒன்றாகக் கட்டித் தலைமேல் வைத்தாரும் ஒரே பிழையைச் செய்தவராவர். மாணவ நண்பர்களே, நுங்கள் கையில் வரும் சஞ்சிகை எத்துணைச் சிறியதாயினும், விலை எத்துணைக் குறைந்ததாயினும், அதன் கடைசிக் கட்டம் வரையிற் படித்துப் பின்னர்த் தீர்ப்புக் கூறுவீராக. தலைக்கவசம் கழலும் இடம் அக்கடைசிக் கட்டமாகவும் இருக்கலாம்.